பதினைந்து நிமிடத்து நெகட்டிவ்

கொரோனாவுக்கு இந்தியாவில் முதன்முதலாக ஆன்டிஜென் கிட்டுக்கு அனுமதி கிடைத்தது 2020 ஜூன் 14-ல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். அன்று வெளியிட்ட சில பக்கங்களை, டெல்லியில் லேப் டெக்னீஷியனாக இருந்த நாங்கள் எல்லோரும் அன்றிரவே வாட்ஸ்அப்பில் படித்துவிட்டோம். கிட்டின் பெயர் ஸ்டாண்டர்ட் க்யூ. எஸ்.டி. பயோசென்சார் என்ற தென்கொரிய நிறுவனத்துடையது, பக்கத்து மானேசரில் தயாரானது. ஐ.சி.எம்.ஆரும் எய்ம்ஸும் சோதித்துப் பார்த்து எழுதியிருந்தார்கள்: தொற்று இல்லாதவருக்கு ‘இல்லை’ என்று சொல்வதில் 99.3 முதல் 100 சதவீதம் சரி. தொற்று உள்ளவரைப் பிடிப்பதில் 50.6 முதல் 84 சதவீதம்.

அந்த 50.6-ஐப் பார்த்து எங்கள் குழுவில் ஒருவர், “காசைச் சுண்டிப் பார்த்துவிடலாமே” என்று எழுதினார். நியாயமான கிண்டல் இல்லை. கிட்டின் குறையை அறிக்கை மறைக்கவில்லை. அதனால்தான் கூடவே ஒரு விதியையும் வைத்தது. பாசிட்டிவ் வந்தால் அது பாசிட்டிவ்தான், மறுபடி பார்க்க வேண்டாம். ஆனால் காய்ச்சல், இருமல் உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால் கட்டாயம் ஆர்டி-பிசிஆர் எடுக்க வேண்டும். இந்த இரண்டாம் பாதிக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஜூன் 18 முதல் டெல்லியின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் முகாம்கள் தொடங்கின. எங்களுடையது ஒரு பள்ளிக்கூட முற்றத்தில், ஷாமியானாவுக்குக் கீழே. கிட்டை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று பெட்டியில் போட்டிருந்தது. டெல்லி ஜூன் மாதத்து மதியம் அதைப் படித்ததில்லை. ஐஸ் பெட்டியில் வைத்து வைத்து எடுத்தோம். மூக்கின் ஆழம் வரை ஸ்வாப்பை விட்டுச் சுழற்றி எடுத்து, பஃபர் குழாயில் முக்கி, குழாயின் பக்கங்களை அமுக்கிப் பிழிந்து, கேசட்டின் குழியில் மூன்று சொட்டு. பதினைந்து நிமிடத்தில் ‘சி’ பக்கத்தில் கோடு வந்தால் கிட் வேலை செய்கிறது. ‘டி’ பக்கத்திலும் வந்தால் பாசிட்டிவ், எவ்வளவு மங்கலாக இருந்தாலும். ஆவி படிந்த கண்ணாடி வழியே கேசட்டைச் சாய்த்துச் சாய்த்து அந்த மங்கல் கோட்டைத் தேடியதை எங்களில் யாரும் மறக்கமாட்டோம். அரை மணிக்கு மேல் ஆனால் படிக்கவே கூடாது. கூட்டம் அதிகமான நேரத்தில் மேசையில் வரிசையாகக் கிடக்கும் கேசட்டுகளில் எதற்கு எப்போது சொட்டு விட்டோம் என்பதே தனிக் கணக்கு. ஆய்வுக்கூடத்தில் கண்ட சதவீதம் இந்த முற்றத்திலும் அப்படியே வரும் என்று நான் நம்பவில்லை.

கிட் ஏன் தவறவிடுகிறது என்பது ரகசியம் அல்ல. ஆர்டி-பிசிஆர் வைரஸின் மரபுப் பொருளைத் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்க்கும். கிட் எதையும் பெருக்காது. சொட்டில் இருக்கும் வைரஸ் புரதம் கோடு தெரியும் அளவுக்கு இருந்தால்தான் உண்டு. அறிகுறி தொடங்கிய முதல் சில நாட்களில் அது நிறைய இருக்கும், பிறகு குறையும். 2021 மார்ச்சில் காக்ரேன் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது முதல் வாரத்தில் 78.3 சதவீதத்தினரையும் இரண்டாம் வாரத்தில் 51 சதவீதத்தினரையும் கிட்டுகள் பிடித்திருந்தன. அறிகுறியே இல்லாதவர்களில் 58.1.

இதெல்லாம் கொரோனாவோடு புதிதாக வந்த சங்கதியும் இல்லை. 2009 பன்றிக் காய்ச்சலின்போது அமெரிக்காவின் சி.டி.சி. மூன்று விரைவு கிட்டுகளை ஒப்பிட்டது. தொற்று உள்ளவர்களில் 40 முதல் 69 சதவீதத்தினரைத்தான் அவை பிடித்தன. ஃப்ளூ கிட்டுகள் குறைந்தது 80 சதவீதமாவது பிடிக்க வேண்டும் என்று அந்த நாடு 2017-ல் விதியை இறுக்கியது. 2020 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் கொரோனா கிட்டுகளுக்குச் சொன்ன குறைந்தபட்ச அளவும் அதே 80.

முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். கட்டட வேலைக்காரர் ஒருவர், இருமல், நெகட்டிவ். “அப்போ நாளைக்கு வேலைக்குப் போகலாமா மேடம்?” என்கிறார் இந்தியில். ஆர்டி-பிசிஆருக்கு இன்னொரு ஸ்வாப் எடுக்க வேண்டும், முடிவு வரும்வரை வீட்டிலிருங்கள் என்றால் முகம் மாறிவிடும். பதினைந்து நிமிடத்தில் கிடைத்த நல்ல செய்தியை யார் விடுவார்கள்? மாலையில் மேலிடத்திலிருந்து வரும் போனில் கேட்பது அன்று மொத்தம் எத்தனை டெஸ்ட் என்றுதான். நெகட்டிவ் ஆனவர்களில் எத்தனை பேரை மறுபரிசோதனைக்கு அனுப்பினீர்கள் என்று கேட்ட போன் எனக்கு வந்ததில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் பேர் வருகிறார்கள், நூறு பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட் பாதியைப் பிடித்தால் ஐம்பது பேர் ‘நெகட்டிவ்’ சொல்லிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். அன்றைய பாசிட்டிவ் விகிதமும் பாதியாகக் குறைந்து, ஊர் தேறிவிட்டதுபோல் செய்தியில் வரும். ஜூலைக் கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றம் அரசை இதைத்தான் கேட்டது: தவறான நெகட்டிவ் இவ்வளவு வரும் டெஸ்ட்டை ஏன் முதன்மையாக வைத்திருக்கிறீர்கள்? செப்டம்பர் 10 அன்று மத்திய சுகாதார அமைச்சகமே, சில பெரிய மாநிலங்கள் அறிகுறி உள்ள நெகட்டிவ்களை மறுபரிசோதிக்கவில்லை என்று கண்டித்து எழுதியது.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்த ஆன்டிபாடி கிட்டுகள் சொதப்பி, திருப்பி அனுப்பச் சொல்லி ஐ.சி.எம்.ஆரே உத்தரவிட்ட கசப்பு எல்லா மாநிலங்களுக்கும் இருந்தது. ஆன்டிஜென் வந்தபோது சென்னை அதைத் தொடவே இல்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாக லேப் திறந்து, எல்லாமே ஆர்டி-பிசிஆர் என்று நின்றது. அங்கே லேபில் இருந்த என் தோழி அதைப் பெருமையாகச் சொல்வாள். கூட்டம் ஏறும்போது முடிவு தாமதமாவதையும் சொல்வாள். லேப் தாங்கும்வரை அந்த முடிவு சரி என்பது என் கட்சி. ஆனால் மூச்சுத் திணறி எமர்ஜென்சிக்கு வருபவரை எந்த வார்டுக்கு அனுப்புவது என்று உடனே தெரிய வேண்டிய இடத்தில் கிட்டை ஒதுக்கியது வீம்பு. அங்கே வரும் பாசிட்டிவை நம்பலாம், அதுவே பாதி வேலை.

இரண்டாம் அலையில் லேப்கள் திணறியதும், 2021 மே 4 அன்று ஐ.சி.எம்.ஆர். ஆன்டிஜென் டெஸ்ட்டைப் பரவலாகச் செய்யச் சொன்னது. மே 19-ல் புனே மைலேபின் கோவிசெல்ஃப் கிட்டுக்கு அனுமதி வந்தது. அப்போது 250 ரூபாய், வீட்டிலேயே மூக்கில் விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் உடனே ஆர்டி-பிசிஆர் எடுக்க வேண்டும் என்ற பழைய விதி அதற்கும் இருந்தது. அதை நிறைவேற்றும் பொறுப்பு மட்டும் கிட் வாங்கியவர் கைக்குப் போய்விட்டது.