ஜுஹூ விமானத் தளமும் பருவமழையும்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பத்துடன் ஜுஹூ கடற்கரைக்குச் செல்லும் நம் சங்கத்து அன்பர்களில் எத்தனை பேர், அதற்குச் சற்றுக் கிழக்கே கிடக்கும் திடலை நின்று பார்த்திருப்பார்கள்? ஹெலிகாப்டர்கள் ஏறி இறங்கும் இடம் என்ற அளவில் அதைக் கடந்து போய்விடுகிறோம். 1928-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் சிவில் விமானத் தளமாகத் தோன்றியது அதுவே. சென்னைக்கு ஆகாயத் தபால் புறப்பட்ட வாசலும் அதுவே.

தளம் என்பது அக்காலத்தில் மரியாதைக்குச் சொன்ன பெயர். உண்மையில் அது கடலை ஒட்டிய சேற்று நிலம். மழையற்ற மாதங்களில் காய்ந்து இறுகிக் கிடக்கும். அக்காலத்துச் சிறு விமானங்களுக்கு அதுவே போதும்.

1929 முதல் லண்டன் தபால் இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்களில் கராச்சி வரை வந்துகொண்டிருந்தது. அதனைத் தெற்கே கொண்டுவர முன்வந்தவர்கள் ஜே. ஆர். டி. டாட்டாவும் நெவில் வின்சென்ட்டும் ஆவர். 1932 அக்டோபர் 15-ஆம் நாள், 28 வயதினரான டாட்டா ஒற்றை என்ஜின் புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து கிளம்பினார். வழிகாட்ட ரேடியோ கிடையாது. அகமதாபாத்தில் பெட்ரோல் தகரங்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன! அன்று பிற்பகல் ஜுஹூவில் இறங்கினார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு சென்றவர் வின்சென்ட். அவர் 1942-இல் விமானப் பயணத்திலேயே மறைந்தார். இன்று அவர் பெயரைச் சொல்வோர் அரிது.

அடுத்த ஆண்டு பருவமழை வந்தது. ஜுஹூ நீரில் மூழ்கியது. தபாலோ நிற்கலாகாது. ஆகவே விமானங்களும் விமானிகளும் மெக்கானிக்குகளும் மூட்டை கட்டிக்கொண்டு புனேயில், எரவாடா சிறைக்கு அருகிலிருந்த மைதானத்துக்குக் குடிபெயர்ந்தனர். சஹ்யாத்ரி மலை மழையைத் தடுத்துக்கொள்வதால் புனேயில் மழை குறைவு. ஒரு விமானக் கம்பெனி முழுவதும் மழைக்காக ஊர் மாறியது நமக்கு விந்தையாகத் தோன்றலாம்; வேறு வழி இல்லை என்பதே உண்மை. பின்னர்தான் ஜுஹூவில் உறுதியான ஓடுபாதைகள் அமைந்தன.

ஓடுபாதை அமைந்தாலும் காற்று நம் சொற்படி கேட்பதில்லை. ரயிலுக்கு எதிர்காற்று இடைஞ்சல்; விமானத்துக்கோ ஏறவும் இறங்கவும் அதுவே துணை, தரையில் ஓட வேண்டிய தூரத்தைக் குறைத்துவிடுகிறது. மழைக்காலத்தில் காற்று கடலிலிருந்து வீசுவதால், விமானம் நிலப்பக்கமிருந்து கடலை நோக்கி இறங்குவதே வழக்கம். மேகம் தாழ்ந்து, சாரல் கண்ணாடியை மறைக்கும் வேளையில் இது எளிய காரியமன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய விமானங்கள் சாந்தாகுரூசுக்குச் சென்றன. அத்துடன் புதியதொரு சங்கடம் பிறந்தது. ஜுஹூவின் பாதை எண் 08, சாந்தாகுரூஸ் பாதை எண் 09. திசைகாட்டியில் கிழக்கை நோக்கி 80 பாகை, 90 பாகை என்பதே இவ்வெண்களின் பொருள். ஆகவே கடற்பக்கமிருந்து வரும் விமானிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில் தோன்றும். முதலில் கண்ணில் படுவது ஜுஹூ. அதன் நீளமோ 1,143 மீட்டர்தான். மற்றதன் நீளம் ஏறத்தாழ 3,400 மீட்டர். 1953 ஜூலை 15 அன்று பி.ஓ.ஏ.சி.யின் காமெட் ஜெட் விமானம் தவறி ஜுஹூவில் இறங்கிற்று. ஒன்பது நாட்கள் கழித்தே அதை மீண்டும் பறக்கச் செய்ய முடிந்தது. 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்சின் டி.சி.-8 விமானமும் அவ்வாறே இறங்கி, பாதையின் முடிவைத் தாண்டி ஓடிச் சிதைந்தது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. விமானியை மட்டும் குறை கூறுவது எளிது. பக்கத்துப் பக்கத்தில் இரு வாசல்களைத் திறந்து வைத்தவர்களையும் நினைக்க வேண்டாமா?

1982 அக்டோபர் 15-ஆம் நாள், முதற் பயணத்தின் பொன்விழாவில், 78 வயதான டாட்டா மீண்டும் கராச்சியிலிருந்து தாமே ஒரு சிறு விமானத்தை ஓட்டி வந்து, அதே ஜுஹூவில் இறங்கினார்.