வேற்காட்டு வேம்பும் அம்மைத் தழும்பும்

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே, கூவத்தின் கரையில் உள்ள திருவேற்காடு, சம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயிலாலும் மூர்க்க நாயனார் பிறந்த ஊர் என்பதாலும் சைவ மரபில் பெயர் பெற்றதாயினும், இன்று அவ்வூரைச் சொன்னதும் அம்பத்தூர், ஆவடி மக்களின் நினைவில் எழுபவள் கருமாரியம்மனே. ஊர்ப்பெயரில் உள்ள 'வேல்' வெள்வேல மரத்தைக் குறிக்க, அம்மனோடு ஒட்டிக்கொண்டதோ வேம்பு; அதற்குக் காரணம் பெரியம்மை.

அந்நோயை நோய் என்று சொல்லாமல் 'அம்மை வார்த்திருக்கிறது' என்றும், கொப்புளங்களை 'முத்து' என்றும் சொல்வது வழக்கமாக இருந்தது. முத்து கண்ட வீட்டின் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகப்படும். அடுப்பில் தாளிப்பு நிற்கும். வெளியார் உள்ளே வரமாட்டார்கள். முத்து இறங்கிய பிறகே வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள்.

முத்து ஏன் முகத்தில் ஆறாத குழியாயிற்று என்பதைத் தோலின் அமைப்பைக் கொண்டே விளக்க முடியும். புறத்தே உள்ள மேல்தோலுக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. அதன் அடிவரிசை உயிரணுக்கள் இடைவிடாது பெருகி, மேலே நகர்ந்து, காய்ந்து உதிர்வதால், அங்கு மட்டும் பட்ட காயம் சுவடின்றி ஆறிவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள உள்தோலில்தான் நரம்பு முனைகளும் வியர்வைச் சுரப்பிகளும், தோலுக்கு மெழுக்குத் தரும் எண்ணெய்ச் சுரப்பிகளும், உறுதி தரும் கொலாஜன் என்னும் புரத நார்களும் இருக்கின்றன. மூச்சு வழியே புகும் பெரியம்மை வைரசு, இரத்தத்தில் பரவி, உள்தோலின் நுண்குழாய்களை அடைந்து அங்கிருந்து மேல்தோலைத் தாக்குவதோடு எண்ணெய்ச் சுரப்பிகளையும் அழிப்பதால், அச்சுரப்பிகள் மிகுந்த முகமே அதிகம் குழிவிழுந்தது. உள்ளங்கையிலோ மேல்தோல் தடித்திருப்பதால், முத்து வெளியே எழ முடியாமல் உள்ளுக்குள் கெட்டியாகக் கிடந்தது.

வேப்பிலை நோயைத் தீர்த்தது என்று சொல்வதற்கில்லை. தடுப்பு பெறாதவர்களுள் பத்தில் மூவரை அந்நோய் கொண்டுபோயிற்று. ஆனால் வாசலில் தொங்கிய கொத்து ஊராருக்கு எச்சரிக்கைப் பலகையாக இருந்தது. அரிப்பெடுத்த இடத்தை நகத்தால் கீறாமல் இலையால் வருடியதும், கிழிந்த தோல் வழியே வேறு கிருமிகள் புகுவதை ஓரளவு தடுத்திருக்கும். பக்தியின் பெயரால் நடந்த தனிமைப்படுத்தல் என்று இதைக் கொள்வதில் பிழையில்லை.

மருத்துவம் கண்ட வழியும் தோலின் வழியே அமைந்தது. 1796-இல் மருத்துவர் ஜென்னர் கண்ட பெரியம்மைத் தடுப்பு முறை 1802-இல் பம்பாய்க்கு வந்து பிற மாகாணங்களுக்கும் பரவியது. நூற்றாண்டின் இறுதியில், 1899-இல், தடுப்புப்பால் தயாரிக்கக் கிண்டியில் கிங் நிலையம் நிறுவப்பட்டது. மக்கள் இத்தடுப்பு முறையையும் 'அம்மை குத்துதல்' என்றே அழைத்தனர். 1960-களின் பிற்பகுதியில் வந்த இருமுனை ஊசியின் முனைகளுக்கிடையே மருந்தை நிறுத்தி, மேற்கையில் பதினைந்து முறை குத்தியபோது, உடலின் காவல் அணுக்கள் நிறைந்த தோலிலேயே வைரசின் அடையாளம் பதிந்துவிட்டது.

இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980-இல் உலகம் முழுவதும் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆடி மாதத்தில் வேப்பிலையோடு திருவேற்காட்டுக்கு வரும் இளையோரின் இடக்கையில் தெரியும் தழும்பு அம்மை குத்தியதன்று; காசநோய்க்குப் போடும் பிசிஜி ஊசியின் தழும்பு.