பேச்சுக்கு இட்ட பாதையில் பாட்டு

கைப்பேசியில் உள்ள பாடலைக் காரின் ஒலிபெருக்கியில் கேட்பது இன்று சிறுவருக்கும் எளிதான செயலாகிவிட்டது. ஆயினும், இதற்குத் துணைநிற்கும் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ கருவி பாட்டுக்காகத் தோன்றியதன்று. தொடக்கத்தில் பாட்டை நிறுத்துவதே அதன் வேலைகளுள் ஒன்றாயிருந்தது!

காரில் இசை வேண்டும் என்ற ஆசை பழையது. 1930இல் சிக்காகோவைச் சேர்ந்த பால் கால்வினின் நிறுவனம் ‘மோட்டரோலா’ என்னும் கார் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஓட்டுநரின் கவனம் சிதறுமே என்ற அச்சம் அன்றே எழுந்தது. 1956இல் கிரைஸ்லர் நிறுவனம் காருக்குள் இசைத்தட்டையே சுழலவிட்டது, அம்முயற்சி நீடிக்கவில்லை. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாப் பேழையே, விரும்பிய பாட்டை விரும்பியபோது கேட்கும் உரிமையைக் காரோட்டிக்குத் தந்தது. மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் நெடும்பயணங்களில் திரைப்பாடல் நாடாக்கள் இருக்கைக்கடியில் உருண்டதும் அதன் பின்னர்தான்.

தொலைபேசியின் மரபோ வேறு. பேசுவது விளங்கினால் போதும் என்பதே அதன் இலக்கணம். ஆகவே ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டும் அது ஏந்திச் சென்றது. மனிதச் செவியோ 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரவல்லது. காரில் பொருத்தப்பட்ட ஹேண்ட்ஸ்-ஃப்ரீ கருவியும் இம்மரபையே பின்பற்றியது. அழைப்பு வந்தால் வானொலியை அடக்கிவிட்டு, குரலை ஒலிபெருக்கிக்கு அனுப்பும், அவ்வளவே.

1994இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சன் தொடங்கிய ஆய்வு, கம்பியில்லாத் தொடர்புக்கு வழி வகுத்தது. 1998இல் ஐந்து நிறுவனங்கள் கூடி அதனை வளர்க்க முன்வந்தன. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னன் ஹரால்டின் பட்டப்பெயரால் அது ‘புளூடூத்’ எனப்பட்டது. கம்பி நீங்கியும் குறுகிய பாதை நீங்கவில்லை. கார்க்கருவிக்கென வகுத்த நெறிமுறை குரலை வினாடிக்கு 8,000 முறை மட்டுமே அளந்து, ஒற்றைத் தடத்தில் அனுப்பியது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது எதுவும் அவ்வழியே செல்ல இயலாது. அதில் பாட்டை விட்டால் தாளத்தின் கணீரொலி மழுங்கும். வயலினின் இனிமை வற்றும். தொலைபேசியில் யாரோ பாடிக் காட்டுவது போன்ற மெலிந்த ஓசையே எஞ்சும். பல கருவிகளில் அதுவும் இல்லை. அழைப்பு காரில் ஒலிக்கும், பாட்டு கைப்பேசிக்குள்ளேயே முனகும்.

2003இல் இசைக்கெனத் தனி நெறிமுறை வந்தது. இருதட ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிக்கும் ஏற்பாடு அது. ஆனால் கைப்பேசி, கார்க்கருவி ஆகிய இரண்டும் அதனை அறிந்திருத்தல் வேண்டும். ஒன்று அறியாவிடினும் பாட்டில்லை. ‘இணைந்துவிட்டது’ என்று திரை காட்டியும் கார் மௌனம் சாதித்ததன் மர்மம் பெரும்பாலும் இதுவே. அறியாத மக்கள் கைப்பேசியையோ கடைக்காரரையோ நொந்துகொண்டனர்.

2015 பிப்ரவரி முதல் நாளிலிருந்து சிங்கப்பூரில், ஓடும் வண்டியில் கைப்பேசியைப் பிடித்து இயக்குவது, பேசுவதற்காக அல்லாவிடினும் குற்றமாயிற்று. பாட்டை மாற்றவும் கை நீளலாகாது. பேச்சுக்கெனப் பிறந்த கருவி பாட்டுக்கும் புகலிடமாக இருக்கவேண்டிய தேவை இதனால் இன்னும் வலுத்தது.

இதற்கு முன்பே, 2011இல், பேச்சுப் பாதையும் அகலமாகிவிட்டது. குரலை வினாடிக்கு 16,000 முறை அளக்கும் புதிய முறை ஏற்கப்பட்டது. அதற்குக் கையாண்ட சுருக்கும் முறை, பாட்டுக்கென வகுத்திருந்ததன் சிறு திருத்தமேயாகும்.