ஓட்டக்களத்தில் இரு அளவைகள்: மைலும் கிலோமீட்டரும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொலைவு இயற்கையில் உள்ளது. அதனை அளக்கும் அலகு மனிதனால் வகுக்கப்பட்டது. வணிகம், நிலவரி, சாலை அமைப்பு ஆகியவற்றில் அளவை மாற்றத்தை அரசு சட்டத்தால் நிறைவேற்ற இயலும். ஆனால் ஓடுபவரும் மிதிவண்டி ஓட்டுபவரும் தொலைவைத் தம் மூச்சாலும் காலாலும் அறிகின்றனர். அவர்கள் மைலை விரும்புவதும் கிலோமீட்டரை விரும்புவதும் தனிமனிதச் சுவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அவ்விருப்பம் உண்மையில் களத்தின் சுற்றளவு, போட்டியின் மரபு, சாலையோரக் கல் ஆகியவற்றால் உருவாக்கப்படும் வரலாற்றுப் பழக்கமே என்பதை நிறுவ முற்படுகிறது இக்கட்டுரை. அப்பழக்கம் மொழியில் பதித்துச் சென்ற தடங்களும் ஈண்டு நோக்கப்படுகின்றன.

இரு அளவைகளின் தோற்றம்

மைல் என்னும் சொல் ஆயிரம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. உரோமர் படைநடையில் ஒரே கால் மீண்டும் நிலத்தில் ஊன்றுமளவுள்ள இரட்டையடி ஆயிரம் கொண்டது ஒரு மைல். இங்கிலாந்தில் 1593ஆம் ஆண்டுச் சட்டம் மைலை எட்டு பர்லாங்கு, அதாவது 5,280 அடி என வரையறுத்தது. பர்லாங்கு உழவுசாலின் நீளத்தினின்று வந்த அளவு. எனவே நடப்பவனின் காலடியும் உழுபவனின் சாலும் மைலுக்குள் அடங்கியுள்ளன எனலாம்.

மீட்டரின் பிறப்பு இதற்கு நேர்மாறானது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என 1791இல் முடிவு செய்யப்பட்டது. எந்த அரசனின் உடலையும் எந்த நாட்டின் வயலையும் சாராத அளவை வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1959இல் ஆங்கிலம் வழங்கும் நாடுகள் ஒரு கெஜம் 0.9144 மீட்டர் என ஒத்துக்கொண்டதால், மைல் 1,609.344 மீட்டராக நிலைபெற்றது. அது முதல் மைலே மீட்டரைக் கொண்டு வரையறுக்கப்படும் அளவாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

1958: ஓர் ஓட்டக்காரர், இரு அளவைகள்

இந்தியத் தடகள வரலாற்றில் இவ்விரு மரபுகளும் தொடக்க முதலே அருகருகே நிற்கின்றன. கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்டு வங்காளத்தில் 100 கெஜ ஓட்டத்தில் பட்டம் வென்று வந்தவர். அவரே 1900இல் பாரிசு ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டாமிடம் பெற்றார். பேரரசின் வழி வந்த போட்டிகள் கெஜத்திலும், ஒலிம்பிக் வழி வந்தவை மீட்டரிலும் அமைந்தன.

இவ்விரு வழிகளும் 1958ஆம் ஆண்டில் மில்கா சிங்கிடம் ஒருங்கே சந்தித்தன. அவ்வாண்டு மே மாதம் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அவர் 200 மீட்டர், 400 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றார். சூலை மாதம் கார்டிப் நகரில் நடந்த பிரித்தானியப் பேரரசு, காமன்வெல்த்து விளையாட்டில் அவர் தங்கம் வென்றதோ 440 கெஜ ஓட்டத்தில். அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், 1956ஆம் ஆண்டு எடைகள் அளவைகள் சட்டத்தின்படி இந்தியாவில் மெட்ரிக் முறை நடைமுறைக்கு வரத் தொடங்கியது. நாணயம் 1957 ஏப்ரல் 1 முதலே பதின்ம முறைக்கு மாறியிருந்தது. ஆக, நாடு அளவை மாறும் அதே ஆண்டில் நாட்டின் முதன்மை ஓட்டக்காரர் இரு அளவைகளிலும் ஓடி வென்றுள்ளார்.

440 கெஜம் என்பது 402.336 மீட்டர். கூடுதலான 2.336 மீட்டரைக் கடக்க அத்தகைய ஓட்டக்காரருக்கு ஏறத்தாழ கால் வினாடி தேவைப்படும். எனவே 440 கெஜ நேரத்தை 400 மீட்டர் நேரத்தோடு ஒப்பிடும்போது 0.3 வினாடியைக் கழிப்பது தடகளப் புள்ளியியலாரின் வழக்கம். இது சிறு வேறுபாடெனத் தோன்றலாம். 1960இல் உரோமாபுரி ஒலிம்பிக் 400 மீட்டர் ஓட்டத்தில் மில்கா சிங் நான்காமிடம் பெற்றார். மூன்றாமிடம் பெற்றவரின் நேரம் 45.5 வினாடி, இவருடைய நேரம் 45.6 வினாடி. பதக்கத்தைப் பிரித்த இடைவெளி, இரு அளவைகளுக்கிடையிலான வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கேயாகும். ஆகவே கெஜமும் மீட்டரும் ‘ஏறத்தாழ ஒன்றே’ என்னும் கூற்று சாலைக்குப் பொருந்தலாம், களத்திற்குப் பொருந்தாது.

காமன்வெல்த்து விளையாட்டு 1966 வரை கெஜத்திலேயே நடைபெற்றது. 1970 எடின்பரோவில்தான் மீட்டருக்கு மாறியது.

நான்கு சுற்றும் நான்கு நிமிடமும்

1954 மே 6ஆம் நாள் ஆக்சுபோர்டில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடினார். நான்கு நிமிடத் தடை என உலகம் வியந்த அந்த எல்லை உடலியல் எல்லையன்று. இரு முழு எண்களின் தற்செயல் சந்திப்பு. 440 கெஜக் களத்தில் மைல் என்பது சரியாக நான்கு சுற்று. சுற்றுக்கு ஒரு நிமிடம் எனக் கணக்கிடுவது சிறுவர்க்கும் எளிது. அன்று பேனிஸ்டரின் சுற்று நேரங்கள் 57.5, 60.7, 62.3, 58.9 வினாடிகள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அவர் இலக்குக்கு முன்னா, பின்னா என்பதைக் கூடியிருந்தோர் அறிய முடிந்தது.

அதே வேகத்தில் 1,500 மீட்டர் ஓடினால் ஏறத்தாழ 3 நிமிடம் 43.7 வினாடியாகும். இவ்வெண்ணை எவரும் தடையெனக் கொண்டதில்லை. 400 மீட்டர் களத்தில் 1,500 மீட்டர் மூன்றே முக்கால் சுற்று. மைலோ நான்கு சுற்றும் 9.344 மீட்டரும். அளவை மாறியபோது களத்தின் எளிய கணக்கு மைலைவிட்டு விலகியது. எனினும் 1,500 மீட்டருக்கும் அது முழுமையாக வாய்க்கவில்லை. 1976இல் பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு கெஜ, மைல் சாதனைகளைக் கைவிட்டபோதும் ஒரு மைல் சாதனையை மட்டும் விட்டுவைத்ததற்கு இப்பின்னணியே பொருத்தமான விளக்கமாகும். மக்கள் நினைவில் ஒரு கதையாகிவிட்ட அளவு, முறை மாறியும் பிழைத்தது.

நெடுந்தொலைவு ஓட்டமும் வேகக் கணக்கும்

மாரத்தான் தொலைவு இரு முறைகளுக்கும் அடங்காதது. 1896இல் ஏதென்சில் அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1908இல் இலண்டனில், விண்ட்சர் கோட்டையிலிருந்து விளையாட்டரங்கின் அரச இருக்கை முன்பு வரை 26 மைல் 385 கெஜம் என அமைந்தது. 1921இல் அதுவே நிலையான தொலைவாக ஏற்கப்பட்டு, 42.195 கிலோமீட்டர் என வழங்குகிறது. மைலில் பிறந்து கிலோமீட்டரில் வாழும் தொலைவு இது.

ஓடுபவரின் வேகக் கணக்கில் அலகின் ஆற்றல் தெளிவாகப் புலனாகிறது. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்பதும் மைலுக்கு 8 நிமிடம் என்பதும் ஏறக்குறைய ஒரே வேகம். வேறுபாடு கிலோமீட்டருக்கு இரண்டு வினாடிக்கும் குறைவு. ஆனால் முன்னதைச் சரியாகக் கடைப்பிடிப்பவர் மாரத்தானை 3 மணி 30 நிமிடம் 59 வினாடியில் முடிப்பார். பின்னதைக் கடைப்பிடிப்பவர் 3 மணி 29 நிமிடம் 45 வினாடியில் முடிப்பார். மூன்றரை மணி என்னும் இலக்கை ஒருவர் எட்ட, மற்றவர் தவறுகிறார். மனம் முழு எண்ணை நாடுகிறது. எது முழு எண் என்பதை அலகு முடிவு செய்கிறது.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. 1793இல் பிரெஞ்சுக் குடியரசு நாளைப் பத்து மணியாகப் பகுக்கும் பதின்ம நேரத்தைச் சட்டமாக்கி, 1795இல் கைவிட்டது. ஆகவே இன்று கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் எனக் கூறுபவர் பதின்மத் தொலைவையும் பாபிலோனியர் வழிவந்த அறுபதின்மக் காலத்தையும் ஒருசேரக் கையாள்கிறார். தூய மெட்ரிக் ஓட்டக்காரர் எவரும் இலர் எனலாம்.

மிதிவண்டியிலும் நாட்டு மரபே அலகைத் தீர்மானித்தது. 1893இல் பாரிசில் ஆன்றி தெகிரான்சு ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டியது பிரெஞ்சு மரபு. 1899இல் அமெரிக்காவில் தொடர்வண்டியின் பின் சென்று சார்லசு மர்பி ஒரு மைலை 57.8 வினாடியில் கடந்தது ஆங்கில மரபு. பிரித்தானியாவின் நேரப் போட்டிகள் 10, 25, 50, 100 மைல் என அமைய, இந்திய நகரங்களில் நடைபெறும் பிரெவே நெடும்பயணங்கள் பிரெஞ்சு வழியில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் என அமைகின்றன. பிரித்தானியச் சாலைப் பலகைகள் இன்றும் மைலையே காட்டுகின்றன. ஆயினும் 2004இல் இலண்டன் பூங்காவொன்றில் தொடங்கிய பார்க்ரன் ஓட்டம் 5 கிலோமீட்டர் ஆகும். ஒரே மனிதர் வீட்டிலிருந்து பூங்காவிற்கு மைலில் சென்று, பூங்காவில் கிலோமீட்டரில் ஓடுகிறார்.

காதம், கோசு, மைல்

மைல் நமக்குப் பழமையானது. கிலோமீட்டர் அயலானது என்னும் உணர்வு முதியோரிடம் நெடுங்காலம் நிலவியது. வரலாறு இதனை ஏற்கவில்லை. மைல் இந்தியச் சாலையில் நிலைபெற்றது ஆங்கிலேயர் ஆட்சியிலேயே. அதற்கு முன் வடநாட்டில் கோசு வழங்கியது; முகலாயர் காலக் கோசுத் தூண்களை தில்லி–ஆக்ரா வழியில் இன்றும் காணலாம். தமிழகத்தில் வழங்கியது காதம். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்று நாவற்றாவளத்திற்கு 29 காதம் எனக் காட்டுகிறது. எழுத்தறியாதவரும் அறியும்வண்ணம் பத்துக்கு ஒன்றாகப் பெருங்குழி இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாகச் சிறுகுழி ஒன்பதும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. வழிநடப்பவர்க்கு அலகைக் கற்பித்தது கல்லே என்பதற்கு இது சான்றாகும்.

காதத்தை மைல் அகற்றியது. மைலைக் கிலோமீட்டர் அகற்றியது. ஆயினும் மொழி எதனையும் முழுதாக அகற்றவில்லை. ‘காத தூரம் ஓடுவான்’ என்னும் வழக்கு உயிருடன் உள்ளது. மைலைக் குறிக்கக் ‘கல்’ என்றே வழங்கிய தமிழ், ‘நாலு கல் தொலைவு’ என்றது. திருப்புமுனையைச் சுட்ட இன்றும் ‘மைல்கல்’ என்கிறோம். இந்தியிலும் ‘மீல் கா பத்தர்’ என்பதே வழக்கு. அறுபது ஆண்டுகளுக்கு மேல் சாலையை ஆண்டும் கிலோமீட்டர் இத்தகைய உருவகம் எதனையும் ஈன்றதாகத் தெரியவில்லை. பயன்பாட்டில் இறந்த அலகே உருவகத்தில் வாழத் தொடங்குகிறது போலும்.

இலக்கிய ஆய்வாளரும் பதிப்பாசிரியரும் இதில் எச்சரிக்கை கொள்ள வேண்டும். சிலப்பதிகாரம் புகாரிலிருந்து மதுரைக்கு முப்பது காதம் என்கிறது. அதனைத் தசமப் புள்ளியோடு கிலோமீட்டராக்கினால் நூலில் இல்லாத துல்லியத்தை நாம் நூலுக்கு ஏற்றியவராவோம். ‘ஐந்து மைல் நடந்தான்’ என்னும் புதினத் தொடர் ‘8.05 கிலோமீட்டர் நடந்தான்’ என மாறின், எண் சரியாகலாம், பொருள் சிதையும். நடந்தவன் அளந்து நடக்கவில்லை. ‘ஐந்து’ என்பது அவன் களைப்பின் பெயர்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. மைலா, கிலோமீட்டரா என்னும் விருப்பம் களத்தின் சுற்றளவும் போட்டி மரபும் சாலைக் கல்லும் உருவாக்கிய பழக்கமாகும்.

2. அலகு தொலைவை மாற்றுவதில்லை. ஆனால் எது முழு எண் என்பதை மாற்றுவதால் இலக்கையும் அதனால் முயற்சியையும் மாற்றுகிறது.

3. மரபானது எனக் கருதப்படும் அலகு பெரும்பாலும் சில தலைமுறைப் பழமையே உடையது; அதுவும் ஒரு காலத்தில் புதியதாக வந்து பழையதொன்றை அகற்றியதே.

4. பழைய நூல்களின் தொலைவுகளை மூல அலகிலேயே நிறுத்தி, தேவைப்படுமிடத்து ‘ஏறத்தாழ’ என்னும் அடையோடு விளக்குவதே ஆய்வு நெறிக்கு உகந்தது.

அலகு எதுவாயினும் ஓடுபவர் கடக்கும் நிலம் ஒன்றே. அந்நிலத்தை எவ்வாறு எண்ணினோம் என்பது அவரவர் காலத்தின் வரலாறாக எஞ்சுகிறது.