சராசரிக்குள் புதைக்கப்பட்டவர்கள்

அமெரிக்காவில் ஒருவர் செத்தால் எழுதப்படும் சான்றிதழில் வயது இருக்கும், இனம் இருக்கும், என்ன வேலை பார்த்தார் என்பது இருக்கும். 1989க்குப் பிறகு படிப்பையும் கேட்கிறார்கள். என்ன சம்பாதித்தார் என்ற கேள்வி மட்டும் கிடையாது. 1973இல் தொடங்கிய அரசின் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்திலும் நோயாளியின் சொந்த வருமானம் இல்லை. அவர் குடியிருந்த பகுதியின் வருமானத்தை எடுத்து அவர் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

சராசரி என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊருக்குத் தண்ணி வந்தாச்சுன்னு ஆபீஸ் கணக்கு சொல்லும். குழாய் ஊர்த்தெருவோட நின்னு போயிருக்கும், சேரிக்கு வந்திருக்காது. கணக்கில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள் நாம் இல்லை. அமெரிக்க அணு உலைகளைச் சுற்றி வாழ்ந்தவர்களின் புற்றுநோய்க் கணக்கும் இப்படித்தான் எழுதப்பட்டது.

1990இல் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 62 அணு நிலையங்கள். அவை இருந்த, அவற்றை ஒட்டியிருந்த 107 கவுண்டிகள் (நம்ம மாவட்டம் மாதிரி). 1950 முதல் 1984 வரை அங்கே புற்றுநோயால் செத்தவர்கள் 9 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் உலை இல்லாத மூன்று கவுண்டிகளை எடுத்து ஒப்பிட்டார்கள். உலைகளால் புற்றுநோய்ச் சாவு கூடியதற்குச் சான்று இல்லை என்றார்கள். 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சாவு, உலை ஓடத் தொடங்கும் முன்பே ஒப்பீட்டுக் கவுண்டிகளைப்போல 1.08 மடங்கு, ஓடிய பின் 1.03 மடங்கு.

ஒப்பீட்டுக் கவுண்டிகளைத் தேர்ந்தெடுக்கும்போது வருமானம், படிப்பு, இனம் எல்லாவற்றையும் பார்த்தார்களே என்று கேட்கலாம். பார்த்தார்கள், கவுண்டியின் சராசரியாகப் பார்த்தார்கள். உலைக்கு ஒரு மைலில் இருந்தவரும் இருபது மைலில் இருந்தவரும் ஒரே எண்ணுக்குள் போனார்கள். கவுண்டிகள் பெரியவை, சின்னப் பகுதியில் ஆபத்து இருந்தால் இதில் தெரியாமல் போகலாம் என்று அந்த ஆய்வே ஒப்புக்கொண்டது. 'சான்று இல்லை' என்பது மட்டும் வெளியே போய் 'ஆபத்தே இல்லை' என்று ஆகிவிட்டது.

வருமானம் ஏன் முக்கியம்? வசதியுள்ள பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் சோதனையில் சீக்கிரம் தெரிகிறது, எண்ணிக்கையில் ஏறுகிறது, அவர் பிழைக்கிறார். ஏழைக்கு முற்றிய பிறகே தெரிகிறது, சாகிறார். நுரையீரல் புற்றுநோயும் கருப்பைவாய்ப் புற்றுநோயும் ஏழைகளையே அதிகம் கொல்கின்றன. இதைப் பிரிக்காமல் போட்ட கணக்கு உலையைக் குற்றவாளியாக்கவும் உதவாது, விடுதலை செய்யவும் உதவாது.

இது உலைகளை எதிர்ப்பவர்களுக்கும் பொருந்தும். கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ நகருக்குத் தென்கிழக்கே ராஞ்சோ செகோ உலை 1975 முதல் ஓடியது. அது மக்களுக்குச் சொந்தமான மின்வாரியத்தின் உலை. அடிக்கடி பழுது; 1985 டிசம்பரில் பெரிய விபத்து. 1989 ஜூன் 6 அன்று மக்கள் ஓட்டுப் போட்டு மூடினார்கள். அந்நாட்டில் வாக்குச் சீட்டு ஓர் உலையை மூடியது அதுவே முதல் தடவை. 2013இல் ஜோசப் மங்கானோவும் ஜேனட் ஷெர்மனும், மூடிய பின் 20 ஆண்டுகளில் அந்தக் கவுண்டியில் 4,319 புற்றுநோய்கள் குறைந்தன என்று எழுதினார்கள். நமக்குப் பிடித்த முடிவுதான். ஆனால் அதுவும் அரசின் அதே கவுண்டிக் கணக்கு. அந்த 20 ஆண்டில் யார் குடிவந்தார், யார் போனார், யார் புகையை விட்டார், யாருக்கு ஆஸ்பத்திரி எட்டியது என்பது அதில் இல்லை. 1989 ஜனவரியில்தான் அந்த மாநிலத்தில் சிகரெட் பாக்கெட்டுக்கு 25 செண்ட் கூடுதல் வரியும் வந்தது. பிடித்த முடிவு என்பதற்காக அரைகுறைக் கணக்கை நாம் ஏற்க முடியாது.

வேறு மாதிரியும் எண்ணலாம். ஜெர்மனி 2007இல் எண்ணிக் காட்டியது. 16 அணு மின்நிலையங்களைச் சுற்றி, ஒவ்வொரு குழந்தையின் வீட்டிலிருந்தும் உலைக்கு எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். 5 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். 1980 முதல் 2003 வரை அந்த வட்டத்துக்குள் 37 குழந்தைகள். உலைகள் வெளியிட்டதாகக் கணக்கில் உள்ள கதிர்வீச்சைக்கொண்டு இதை விளக்க முடியவில்லை என்றும் அவர்களே எழுதினார்கள். காரணம் இன்றுவரை விவாதம்தான். ஆனால் அந்த 37 பேரும் சராசரிக்குள் காணாமல் போகவில்லை.

அமெரிக்காவின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமும் 2010இல் தேசிய அறிவியல் கழகத்தைப் புதிய ஆய்வுக்குக் கேட்டது. 2012இல் வழிமுறை தயார். முன்னோட்டமாக ஏழு இடங்கள். அதில் மூடப்பட்ட உலைகளும் உண்டு. ஓடியபோது என்ன, நின்ற பிறகு என்ன என்று பார்க்க வாய்ப்பிருந்தது. 2015 செப்டம்பரில் ஆணையம் அதை நிறுத்தியது. 80 லட்சம் டாலர் செலவாகும், நாளாகும் என்றது.

உலை கட்டக் காசு இருந்தது. மூடிய உலையைப் பிரித்தெடுக்கவும் காசு இருக்கிறது. பக்கத்தில் இருந்தவன் எதனால செத்தான்னு எண்ணத்தான் காசில்லை. எண்ணப்படாதவர்களுக்கு நோய் வரவில்லை என்று அரசு சொல்லும். ஆகவே நம் கேள்வி, உலை வேண்டுமா வேண்டாமா என்பதோடு நிற்க முடியாது. எண்ணுகிறவன் யார், எந்தக் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டான் என்றும் கேட்க வேண்டும்.