மார்பகக் காசநோயும் புற்றுநோய் ஐயமும்: நோயறிதல் வரலாற்றில் ஒரு சிக்கல்

இலண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், மார்பக நோய்கள் பற்றி 1829இல் வெளியிட்ட நூலில், கழுத்து நிணநீர்க் கணுக்கள் வீங்கிய இளம்பெண்கள் சிலரின் மார்பிலும் கண்டமாலைத் தன்மையுள்ள கட்டிகள் அரிதாகத் தோன்றுவதைக் குறித்தார். மார்பகக் காசநோய் பற்றிய முதல் மருத்துவப் பதிவாக இதனையே பின்வந்தோர் கொள்கின்றனர். கட்டியை மட்டும் நோக்காமல் கழுத்தையும் சேர்த்து நோக்கியதே அவர் முறையின் சிறப்பு எனலாம்.

ஏனெனில் கட்டி மட்டும் கண்ணை எளிதில் ஏமாற்றும். கெட்டித்தன்மை, உள்ளிழுக்கப்பட்ட முலைக்காம்பு, ஆரஞ்சுத் தோல் போலக் குழிந்த சருமம், அக்குளில் வீக்கம் ஆகிய அனைத்தும் இரு நோய்களுக்கும் பொது. 1952இல் மெக்கியோன், வில்கின்சன் இருவரும் இந்நோயை ஐவகைப்படுத்தினர். அவற்றுள் திசு இறுகிச் சுருங்கும் வகை புற்றுநோயாகவே தோற்றமளிப்பது.

இராபர்ட் காக் காசநோய்க் கிருமியை பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24இல். பால்டிமோரின் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் கணுக்களையும் அகற்றும் தம் அறுவை முறையின் முடிவுகளை வெளியிட்டது 1894இல். முன்னது பிழையைத் தவிர்க்கும் வழியைத் திறந்தது. பின்னதோ பிழையின் விலையைப் பன்மடங்கு உயர்த்தியது. இவ்விரண்டையும் தனித்தனி வெற்றிகளாக எழுதும் வரலாறுகள் இத்தொடர்பைக் காணத் தவறுகின்றன.

காக் திறந்த வழியும் முழுமையானதன்று. மார்பகத் திசுவில் கிருமிகள் மிகச் சிலவே இருத்தலின், சீல்-நீல்சன் சாயமேற்றியும் அவை பெரும்பாலும் புலப்படுவதில்லை. ஆகவே சான்று கிருமியிலிருந்து திசுவுக்கு மாறியது. 1905இல் மேயோ மருத்துவமனையின் லூயிஸ் வில்சன் உறைதிசுச் சோதனையை வெளியிட்டார். 1930இல் நியூயார்க்கில் மார்ட்டினும் எல்லிஸும் ஊசியால் செல்களை உறிஞ்சி ஆயும் முறையை விளக்கினர். அறுவைக்கு முன்னரோ அதனிடையிலோ புற்றுச்செல் உண்டா எனக் காண இவை உதவின.

புற்றுநோய் இல்லையெனத் தெளிந்தபின்னும் ஐயம் எஞ்சியது. 1972இல் கெஸ்லர், வொல்லொக் இருவரும் கிருமியின்றியே கிரானுலோமா என்னும் அழற்சி முடிச்சுகள் உண்டாகும் மார்பக நோயொன்றை விவரித்தனர். அதற்கு ஸ்டீராய்டு தரும் வழக்கம் பின்னர் வந்தது. காசநோயை அதுவெனக் கொண்டு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால், உடலின் எதிர்ப்பாற்றல் குன்றிக் கிருமி பெருகும். காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில் இன்று மருத்துவர் முன்னுள்ள கடினமான வினா இவ்விரண்டாம் ஐயமே. கிருமி வளர்ப்பின் முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விரைவான மரபணுச் சோதனையில் கிருமி அகப்படாமை நோயின்மைக்குச் சான்றாகாது.