வேதிச்சிகிச்சைக் காலக் கைவினை

வேதிச்சிகிச்சைக் காலக் கைவினை என்பது, புற்றுநோய்க்காக வேதிச்சிகிச்சை பெறுவோர் மருந்து ஏற்றப்படும் நேரத்திலும், சிகிச்சைச் சுற்றுகளுக்கு இடைப்பட்ட நாட்களிலும் செய்யும் பின்னல், தையல், மணி கோத்தல், தாள் மடித்தல், வண்ணம் தீட்டல் முதலிய கைவேலைகளைக் குறிக்கும். இது நோயைக் குணப்படுத்தும் முறை அன்று. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்தும் கலைச்சிகிச்சையிலிருந்தும் இது வேறுபட்டது. எனினும் பல மருத்துவமனைகளில் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன. எந்த வேலையைச் செய்யலாம் என்பதை நோயாளியின் ஆர்வம் மட்டுமன்றி, அவர் பெறும் மருந்து கைகளில் உண்டாக்கும் விளைவுகளும் தீர்மானிக்கின்றன.

வரலாறு

நோய்ப்படுக்கையில் கலைவேலை செய்வது வேதிச்சிகிச்சைக்கு முற்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஓவியர் ஏட்ரியன் ஹில் காசநோய்ச் சிகிச்சை நிலையத்தில் இருந்தபோது வரைந்த அனுபவத்திலிருந்து, 1942ல் "கலைச்சிகிச்சை" என்னும் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1941ல் புற்றுநோய்க்காக வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீசு, பின்னர் பெரும்பாலும் சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடியே வண்ணத்தாள்களைக் கத்தரித்துப் படைப்புகளை உருவாக்கினார்.

வேதிச்சிகிச்சை தொடக்க நிலையில் இருந்த காலத்தைச் சேர்ந்தவர் சடாகோ சசாகி. இரண்டு வயதில் ஹிரோஷிமா அணுகுண்டு வீச்சுக்கு உள்ளான இச்சிறுமி, வெண்குருதிப் புற்றுநோயால் 1955ல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கு மருந்து சுற்றிவந்த தாள்களைக் கொண்டும் கொக்குகளை மடித்தார். ஆயிரம் கொக்குகளை முடிக்கும் முன்னரே இறந்தார் என்று பரவலாகச் சொல்லப்படுவது ஒரு சிறுவர் நூலின் வழியாக வந்த செய்தியாகும். அவர் ஆயிரத்துக்கும் மேல் மடித்தார் என்பதே குடும்பத்தினர் கூற்று. அதே ஆண்டு அக்டோபர் 25ல் அவர் காலமானார்.

அமெரிக்கக் கலைஞர் ஹன்னா வில்க்கி, நிணநீர்ப் புற்றுநோய்க்கான சிகிச்சையால் உதிர்ந்த தமது தலைமுடியையே தாளில் பதித்து 1992ல் ஒரு படைப்பு வரிசையாக்கினார். 2004ல் அரிசோனாவில் தொடங்கிய "பீட்ஸ் ஆஃப் கரேஜ்" திட்டத்தில், நோயுற்ற குழந்தைகள் தாம் பெறும் ஒவ்வொரு ஊசிக்கும் சிகிச்சைக்கும் ஒரு மணியைப் பெற்றுக் கோத்துக்கொள்கின்றனர்.

மருந்தேற்றும் நேரம்

மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரப்படும் பேக்லிடாக்சல் ஏற வழக்கமாக மூன்று மணிநேரம் ஆகும். குருதிச் சோதனை, மருந்து கலந்து வருவதற்கான காத்திருப்பு, முன்மருந்துகள் ஆகியவற்றையும் சேர்த்தால் பகலின் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆனால் அவ்வளவு நேரமும் வேலை செய்யலாம் என எண்ணுவது சரியன்று. ஒவ்வாமையைத் தடுக்க முதலில் தரப்படும் மருந்துகள் பலருக்கு உறக்கத்தை உண்டாக்குகின்றன. மாறாக, உடன் தரப்படும் டெக்சாமெத்தசோன் இரவில் உறக்கத்தைக் கெடுக்கும். ஆகவே கைவேலைக்கு உகந்த நேரம் சிலருக்கு வீட்டில் நள்ளிரவாகவே அமைகின்றது.

ஊசிக்குழாயை எக்கையில் பொருத்துவது என்பதும் முக்கியமானது. பழகிய கையை விடுத்து மறுகையின் முன்னங்கையில் பொருத்தும்படி செவிலியரிடம் முன்கூட்டியே கேட்கலாம். முழங்கை மடிப்பில் பொருத்தப்பட்டால், கையை மடக்கும்போதெல்லாம் மருந்தோட்டம் தடைப்பட்டு ஏற்றுகருவி ஒலி எழுப்பும். மார்புத் தோலுக்கடியில் "போர்ட்" பொருத்தப்பட்டோருக்கு இரு கைகளும் விடுபட்டிருக்கும். டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள் சிரைக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கக் கூடியவை. இவை ஏறும்போது கையை அசைக்காமல் இருப்பதே நன்று. எரிச்சலோ வீக்கமோ தோன்றினால் உடனே செவிலியரை அழைக்க வேண்டும்.

கையும் மருந்தும்

பேக்லிடாக்சல், டோசிடாக்சல், சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிரிஸ்டின் ஆகியவை புற நரம்புகளைப் பாதிக்கக் கூடியன. விரல்நுனியில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, சிறு பொருள்களைப் பிடிக்க இயலாமை என்பன இதன் அறிகுறிகள். பொத்தான் போட முடிகின்றதா, கையிலுள்ள சிறு பொருளின் வடிவம் தெரிகின்றதா என்று மருத்துவர்கள் கேட்பது இதனாலேயே. நாள்தோறும் ஊசியில் நூல் கோப்பவர் இம்மாற்றத்தைப் பிறரை விட முன்னதாகவே உணரக்கூடும். மணி கைநழுவுதல், நூலின் இறுக்கம் தெரியாமற் போதல் ஆகியவற்றைக் களைப்பு என்று எண்ணி விட்டுவிடலாகாது.

மருந்தைக் குறைத்துவிடுவார்களோ, நோய் திரும்புமோ என அஞ்சி இதை மறைப்போரும் உளர். அந்த அச்சம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆயினும் மருத்துவர் மருந்தளவைக் குறைக்கவோ, இடைவெளியைக் கூட்டவோ, வேறு மருந்துக்கு மாற்றவோ வழியுண்டா என ஆராய்வதற்கு அவருக்கு உரிய காலத்தில் செய்தி தெரிய வேண்டும். முற்றிய நரம்புப் பாதிப்பு சிகிச்சை முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். சிலருக்கு நிலைத்தும் விடலாம். தையலைத் தொழிலாகக் கொண்டவருக்கு இது பிழைப்பையே பாதிக்கும் செய்தியாகும்.

ஆக்சாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே விரல்கள் கூசும். அந்நாட்களில் எஃகு ஊசிகளுக்குப் பதிலாக மூங்கில் அல்லது மர ஊசிகள் ஏற்றவை. கேப்சிட்டபின் உட்கொள்வோருக்கு உள்ளங்கை சிவந்து உரியலாம். உராய்வும் அழுத்தமும் இதை மிகுவிக்கும். எனவே முடிச்சுகளை இழுத்து இறுக்கவேண்டிய ஒயர்க்கூடை பின்னுதல் இவர்களுக்குப் பொருந்தாது. நரம்புப் பாதிப்பைக் குறைக்கும் நோக்கில் சில மருத்துவமனைகள் உறைகுளிர்க் கையுறைகளை அணிவிக்கின்றன. அந்நேரத்தில் எந்த வேலையும் இயலாது.

பெரும்பாலான மருந்துகளில், ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெண்குருதி அணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைகின்றது. குருதித் தட்டுகளும் குறைவதுண்டு. அப்போது ஊசி குத்திய சிறு காயமும் தொற்றுக்கோ நீடித்த குருதிக்கசிவுக்கோ இடமளிக்கும். முனை மழுங்கிய ஊசி, விரலுறை, உருண்டை முனைக் கத்தரி ஆகியவை பாதுகாப்பானவை. கொக்கிப் பின்னலில் கூர்முனையே இல்லாதது ஒரு வசதி. களிமண், தோட்டமண், காய்ந்த மலர்கள் ஆகியவற்றில் பூஞ்சை வித்துகள் இருக்கக் கூடுமாதலால் இக்காலத்தில் இவற்றைத் தவிர்ப்பது வழக்கம். காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தாண்டினால் காத்திராமல் மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும்.

வேலையின் தேர்வு

சிகிச்சைக் காலத்தில் நினைவும் கவனமும் மங்குவது பலருக்கு உண்டு. எண்ணிக்கை தவறினால் அவிழ்க்க வேண்டிய பூவேலைப் பின்னலைவிட, ஒரே தையல் திரும்பத் திரும்ப வரும் கழுத்துத்துணியோ சிறு சதுரமோ மேலானது. சதுரங்களைப் பின்னர் இணைத்துப் போர்வையாக்கலாம். இடையில் கைவிட்டாலும் இழப்பில்லை. பசை, டர்ப்பன்டைன் ஆகியவற்றின் நெடி குமட்டலைத் தூண்டுவதோடு, அருகில் மருந்து ஏற்றிக்கொள்வோருக்கும் தொல்லையாகும்.

மருந்தேற்றும் அறையோடு தொடர்புற்ற மணமும் பொருளும் பின்னாளில் நினைத்தாலே குமட்டலை வரவழைப்பதுண்டு. உணவைப் பொறுத்து இது நன்கு அறியப்பட்ட விளைவாகும். பேரக்குழந்தைக்கென்று ஆசையாகத் தொடங்கிய சட்டையை அந்த நாற்காலிக்குக் கொண்டுசெல்லாமல், அதற்கென வேறொரு வேலையை ஒதுக்குவது இதனால் நல்ல ஏற்பாடு எனலாம்.

ஆய்வுகள்

சிகாகோவிலுள்ள ஒரு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 50 புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2006ல் வெளியான ஆய்வில், ஒரு மணிநேரக் கலைச்சிகிச்சைக்குப் பின் களைப்பு, பதற்றம், வலி உட்பட அளவிடப்பட்ட ஒன்பது அறிகுறிகளில் எட்டு குறைந்திருந்தன. குறையாதது குமட்டல். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு எதுவும் இவ்வாய்வில் இல்லை. நாற்காலியில் அமர்ந்து தாமாகவே பின்னுவோருக்கும் இம்முடிவு பொருந்தும் என்று கொள்ள இயலாது.